சீனக்குடாவின் 99 தாங்கிகளும் புஜைராவின் ஒரு குழாயும்

திருகோணமலையின் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது 99 என்ற எண்தான். 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர், மொத்தம் 12 இலட்சம் கிலோலீற்றருக்குச் சற்றுக் குறைவு. கூடவே உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன் "அடுத்த சிங்கப்பூர்" என்ற வார்த்தை வாயில் வந்துவிடுகிறது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தக் குதம் இடம்பிடித்தது. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இடைப்பட்ட காலம் முழுவதும் எதிர்பார்ப்பு மட்டும் குறையவேயில்லை.

ஆனால் எந்த எண்ணெய்க்கு மையம்? மசகு எண்ணெயை, அதாவது சுத்திகரிக்காத எண்ணெயை, திரட்டி, சேமித்து, கலந்து, விற்கிற மையம் ஒரு தொழில். டீசல், பெற்றோல், விமான எரிபொருள், கப்பல் எரிபொருள் ஆகியவற்றைப் பெருங்கப்பலில் வாங்கிச் சிறு கப்பல்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மையம் வேறொரு தொழில். இரண்டுக்கும் தாங்கி, குழாய், இறங்குதுறை, வாடிக்கையாளர், முதலீடு எல்லாமே வேறு. முதலாவதில் திருகோணமலையால் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராத் துறைமுகத்தோடோ சிங்கப்பூரோடோ போட்டி போட முடியாது என்பதே என் முடிவு. இரண்டாவதில் முடியும். அதற்கான சான்று அந்தத் தாங்கிகளின் அளவிலேயே இருக்கிறது.

வி.எல்.சி.சி எனப்படும் பெரிய மசகு எண்ணெய்க் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஏற்றுவது 20 இலட்சம் பீப்பாய், அதாவது சுமார் 318,000 கிலோலீற்றர். அதைச் சீனக்குடாவில் இறக்கினால் 26 தாங்கிகள் விளிம்புவரை நிரம்பி, 27ஆவது பாதியாகும். நடைமுறையில் எந்தத் தாங்கியையும் விளிம்புவரை நிரப்புவதில்லை. மேலே வழியாமல் இருக்க இடம்விட வேண்டும், அடியில் பம்பிக்கு எட்டாத எண்ணெய் கிடக்கும். ஆகவே ஒரு கப்பலுக்கு 30 தாங்கிகள் என்று கணக்கு வைப்பதே பாதுகாப்பு. 99 தாங்கிகளும் சேர்ந்தால் சுமார் 75 இலட்சம் பீப்பாய், நான்கு கப்பலுக்குக்கூடப் போதாது. தென்னாபிரிக்காவின் சல்டான்ஹா குடாவில் ஆறு நிலக்கீழ்க் கொங்கிறீற் தாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தாங்கியின் கொள்ளளவே 75 இலட்சம் பீப்பாய்தான். நம்முடைய குதம் முழுவதும் அங்கே ஒரே தாங்கிக்குள் அடங்கிவிடும்.

பிரித்தானியர் கட்டியது வணிகத்துக்காக அல்ல, கடற்படைக்காக. போர்க்கப்பல்களின் கொதிகலனுக்கு உலை எண்ணெய் வேண்டும், ஒரு குண்டில் எல்லாம் அழிந்துபோகவும் கூடாது. பரந்த காட்டுக்குள் சிறு தாங்கிகளாகப் பரப்பி வைப்பது போர்க்காலத்துக்குச் சரியான ஏற்பாடு. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் வந்து மோதி, அது நாட்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த குதம் தப்பியது. போரில் காப்பாற்றிய அதே பரவல் இன்றைய மசகு எண்ணெய் வணிகத்துக்கு இடைஞ்சல்.

இடைஞ்சல் எப்படி என்பதை இறக்குமதி நடக்கும் நேரத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். வி.எல்.சி.சியின் பம்பிகள் மணிக்கு 10,000 கன மீற்றரும் அதற்கு மேலும் தள்ளும். அந்த வேகத்தில் நம் தாங்கி ஒன்று 70 நிமிடத்தில் நிறைந்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வால்வைத் திறந்து, எண்ணெய் ஓடுவதை உறுதிசெய்து, முந்தையதை மூட வேண்டும். திறக்கும் முன்பே மூடிவிட்டால் ஓடிவரும் எண்ணெய்க்குப் போக வழியில்லை. அழுத்தம் குழாய் வழியே பின்னோக்கி அடிக்கும். பலவீனமான இணைப்போ, கப்பலோடு பொருத்திய ரப்பர்க் குழாயோ முதலில் வெடிக்கும். ஒரு கப்பலை இறக்கி முடிப்பதற்குள் 26 தடவை இந்த மாற்றம். 100,000 கன மீற்றர்த் தாங்கிகள் உள்ள முனையத்தில் அதே வேலைக்கு மூன்று மாற்றம் போதும்.

குழாயின் விட்டமும் சும்மா விடாது. மணிக்கு 10,000 கன மீற்றரை 24 அங்குலக் குழாயில் தள்ளினால் எண்ணெய் நொடிக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். கைக்கொள்ளும் உச்சவரம்பு பொதுவாக 7 மீற்றர். 36 அங்குலக் குழாயில் அதே அளவு சுமார் நாலரை மீற்றரில் போகும். ஆக, மசகு எண்ணெய் மையம் என்றால் இறங்குதுறையில் இருந்து குதத்தின் மேல்பகுதி வரை 36 அங்குலக் குழாய், அதற்கேற்ற வால்வுகள், ஒவ்வொரு தாங்கிக்கும் தனிக்கிளை. பணம் தாங்கியில் கரைவதைவிட இதில்தான் கரையும்.

அடுத்தது கூரை. உலை எண்ணெய் கனமானது, எளிதில் ஆவியாகாது, நிலையான கூரை போதும். மசகு எண்ணெயில் இலேசான பகுதிகள் நிறைய உண்டு. பகலில் சூடேறி ஆவி வெளியே போகும், இரவில் குளிர்ந்து காற்று உள்ளே வரும். வெளியே போவது காசு, உள்ளே சேர்வது தீப்பிடிக்கக்கூடிய கலவை. அதனால் மசகு எண்ணெய்க்கு எண்ணெயின் மேலேயே மிதக்கும் கூரை போடுவார்கள். அந்தக் கூரை கால்களில் நிற்கும் மட்டம் அடியில் இருந்து ஒன்றரை, இரண்டு மீற்றர். அதற்குக் கீழே எண்ணெயை இறக்கக் கூடாது. இறக்கினால் கூரைக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஆவி வெளி உண்டாகும். 12 மீற்றர் உயரத் தாங்கியில் இப்படி ஒன்றே முக்கால் மீற்றர் போனால் ஏழில் ஒரு பங்கு எப்போதும் அசையாமல் கிடக்கும். கொள்ளளவு என்று எழுதியிருப்பதும் உண்மையில் விற்று வாங்கக்கூடியதும் ஒன்றல்ல என்பது குஷிங்கில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

குஷிங் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், கடலே இல்லாத இடத்தில் இருக்கிற சிற்றூர். அமெரிக்காவின் அளவுகோலான டபிள்யூ.ரி.ஐ மசகு எண்ணெயின் எதிர்கால ஒப்பந்தங்கள் (பின்னொரு மாதத்தில் எண்ணெயைக் கையேற்க இன்றே விலைபேசுபவை) 1983 முதல் அங்கேதான் கையளிப்பாகின்றன. பல குழாய்வழிகள் அங்கே சந்திக்கின்றன, அது ஒன்றே அதன் பலம். 2020 ஏப்ரல் 20 அன்று கையில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்குக் குஷிங்கில் தாங்கி இடம் கிடைக்கவில்லை. விலை பீப்பாய்க்கு மறை 37.63 டொலரில் முடிந்தது. எண்ணெயைக் கொண்டுபோக ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலை. கடல்வழி வெளியேறும் வாய்ப்பு உள்ள மையத்துக்கும் இல்லாத மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு நாள் காட்டியது.

அமெரிக்கா 2015 டிசம்பரில் மசகு எண்ணெய் ஏற்றுமதித் தடையை நீக்கிய பிறகு நடந்த போட்டி இன்னும் பயனுள்ள பாடம். டெக்சாஸின் ஹூஸ்டனில் தாங்கி, சுத்திகரிப்பு ஆலை, குழாய் எல்லாம் நிறைந்திருந்தன. ஆனால் கால்வாயின் ஆழம் 45 அடி. வி.எல்.சி.சி முழுச் சுமையோடு உள்ளே வர முடியாது. சிறிய கப்பல்களில் ஏற்றிப்போய் நடுக்கடலில் பெரிய கப்பலுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாளும் காசும் போகும், அலை எழுந்தால் வேலை நிற்கும். அதே மாநிலத்தின் கோர்ப்பஸ் கிறிஸ்டித் துறைமுகம் பேர்மியன் எண்ணெய் வயலில் இருந்து நேரடிக் குழாய்களை இழுத்துக்கொண்டு ஏற்றுமதியில் முதலிடத்தைப் பிடித்தது, கால்வாயையும் 54 அடிக்கு ஆழப்படுத்தியது. லூசியானாவின் லூப் முனையம் வேறு வழியில் போனது. கரையில் இருந்து 18 மைல் தள்ளி, 110 அடி ஆழத்தில் கப்பலைக் கட்டி எண்ணெய் ஏற்றி இறக்கும் மிதவைகளை வைத்து, அங்கிருந்து 48 அங்குலக் குழாயால் கரையில் உள்ள உப்புப்பாறைக் குகைகளோடு இணைந்தது. 1981இல் இறக்குமதிக்குக் கட்டியது, 2018 பெப்ரவரியில் திசையைத் திருப்பி வி.எல்.சி.சிக்கு ஏற்றுமதி செய்தது. இந்த மூன்றிலும் ஆழம் இல்லாதவர்கள் ஆழத்தை விலைக்கு வாங்கினார்கள், அல்லது ஆழம் உள்ள இடத்துக்குக் குழாயை நீட்டினார்கள். எண்ணெய் ஏற்கனவே கையில் இருந்ததால் அந்தச் செலவு தாங்கியது. திருகோணமலையின் நிலை இதற்கு நேர்மாறு. ஆழம் இயற்கையாகவே இருக்கிறது, எண்ணெய்தான் இல்லை.

புஜைராவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அதன் தாங்கிகளைக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியது ஹப்ஷானில் இருந்து வரும் குழாயை. சுமார் 400 கிலோமீற்றர் நீளம், 2012இல் இயங்கத் தொடங்கியது, நாளொன்றுக்கு 15 இலட்சம் பீப்பாய் கொண்டுவரும் திறன். அபுதாபியின் எண்ணெய் ஹோர்மூஸ் நீரிணைக்குள் நுழையாமலே ஓமான் குடாவுக்கு வந்துவிடுகிறது. 2021 மார்ச்சில் அபுதாபியின் முர்பான் எண்ணெய்க்கான எதிர்கால ஒப்பந்தம் தொடங்கியபோது கையளிப்பு இடமாகப் புஜைராவைக் குறித்தார்கள். எண்ணெய், வழி, விலை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தன. 2019 மே மாதம் புஜைராவுக்கு வெளியே நான்கு கப்பல்கள் சேதப்படுத்தப்பட்டன. நீரிணைக்கு வெளியே இருப்பதாலேயே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தும் அந்தக் குழாய் இருக்கும்வரை புஜைராவின் இடத்தை யாரும் பிடிக்க முடியாது.

சிங்கப்பூரிடம் ஒரு துளி எண்ணெயும் இல்லையே, அதனால் நமக்கும் முடியும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அங்கே நாளொன்றுக்கு 10 இலட்சம் பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்கும் ஆலைகள் உண்டு. மசகு எண்ணெய் அங்கே போவது தாங்கியில் கிடக்க அல்ல, ஆலையில் உடைபட. இடம் போதாமல் ஜூரோங் தீவின் கடலடியில் 130 மீற்றர் ஆழத்தில் ஐந்து பாறைக் குகைகளைக் குடைந்து 2014இல் திறந்தார்கள், கொள்ளளவு 14.7 இலட்சம் கன மீற்றர். மலாக்கா நீரிணை வழியே போகும் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவது தனித்தொழில். 2024இல் மட்டும் ஏறக்குறைய 5.5 கோடித் தொன். அளவில் ஏமாற்று நடக்கிறது என்ற முறைப்பாடு பெருகியபோது, கப்பல் உலை எண்ணெய் வழங்கும் படகுகளுக்கு 2017 முதல் பாயும் எண்ணெயின் நிறையை அளக்கும் நிறைப்பாய்வுமானி கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தைத்தான் நாம் சிங்கப்பூரிடம் இருந்து முதலில் கடன் வாங்க வேண்டும் என்பேன், குகையை அல்ல.

இனி வங்காள விரிகுடா. இது நம் வீட்டு வாசல் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம்.

வளைகுடாவில் இருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் தேவேந்திரமுனைக்குத் தெற்கே கடந்து நேரே கிழக்கே போகும். அதைத் திருகோணமலைக்குள் அழைத்தால் கூடுதலாக ஓட வேண்டிய தூரம் சுமார் 200 கடல் மைல். இங்கிருந்து சுமாத்திராவின் வடமுனைக்கு உள்ள தூரம் தேவேந்திரமுனையில் இருந்து போவதைவிட அதிகமில்லை என்பதால் இழப்பு ஒருவழி மட்டுமே. மணிக்கு 12, 13 கடல் மைல் போகும் கப்பலுக்கு 16 மணித்தியாலம். எரிபொருள் நிரப்ப மட்டும் யாரும் 16 மணித்தியாலம் விலகி வரமாட்டார்கள். அந்த வேலைக்கு அம்பாந்தோட்டை கடல்வழியில் இருந்து 10 கடல் மைல் அளவில் நிற்கிறது. அங்கே 14 தாங்கிகள், 80,000 கன மீற்றர் மட்டும்தான். ஆனாலும் கப்பல்வழியின் ஓரத்தில் இருக்கிறது. சினோபெக் 2025 ஜனவரியில் ஒப்பமிட்ட 3.7 பில்லியன் டொலர் ஆலை நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் என்ற அளவில் எழுந்தால், பத்து நாளைக்கு ஒரு வி.எல்.சி.சி அங்கே வரும். இலங்கையில் மசகு எண்ணெய் மையம் என்ற ஒன்று உருவானால் அது அந்த ஆலையைச் சுற்றித்தான் உருவாகும்.

ஆனால் இந்தியாவின் கிழக்குக் கரையில் உள்ள பரதீப்புக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போகும் கப்பல்கள் நம் கிழக்குக் கரையை ஒட்டித்தான் ஏறிப் போகின்றன. 2020 செப்ரெம்பர் 3 அன்று சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்த நியூ டயமண்ட், குவைத்தில் இருந்து சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு பரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த வி.எல்.சி.சி. அவர்களுக்குத் திருகோணமலை விலகல் அல்ல, வழியில் உள்ள ஊர். அப்படியானால் மசகு எண்ணெயை இங்கே இறக்கிப் பிரித்து அனுப்பலாமே? அனுப்பலாம், வாங்குவதற்கு ஆள் இருந்தால். பரதீப்பின் 15 மில்லியன் தொன் ஆலைக்குச் சொந்த மிதவைகள் உண்டு, வி.எல்.சி.சி நேரே அங்கே இறக்கும். விசாகப்பட்டினத்துக்கும் அப்படியே. கூடவே அங்கே 1.33 மில்லியன் தொன் நிலக்கீழ்க் காப்பிருப்பு இருக்கிறது, நம் முழுக் குதத்தையும்விடப் பெரியது. ஹால்டியாவுக்குப் பரதீப்பில் இருந்து குழாய் போகிறது. மியன்மாரின் கியாவ்பியுவில் 300,000 தொன் கப்பலை நிறுத்தக்கூடிய இறங்குதுறை இருந்தாலும் அது 771 கிலோமீற்றர்க் குழாயால் சீனாவோடு பிணைந்தது, ஒரே வாடிக்கையாளர். வங்காளதேசத்தின் சிட்டகாங் ஆலை ஆண்டுக்கு 1.5 மில்லியன் தொன். நீண்டகாலம் பெரிய கப்பல்களைக் குதுப்தியாவுக்கு அப்பால் நிறுத்திச் சிறு கப்பல்களில் இறக்கி வந்தார்கள். அந்தத் தலையிடிக்குத் தீர்வாக மகேஷ்காலிக்கு அப்பால் மிதவையும் மொத்தம் 220 கிலோமீற்றர் நீள இரட்டைக் குழாயும் கட்டிவிட்டார்கள். மசகு எண்ணெயைப் பிரித்துக் கொடுக்க ஒரு தரகர் துறைமுகம் தேவைப்பட்ட காலம் வங்காள விரிகுடாவில் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

உள்நாட்டு ஆலைக்காவது உதவுமா? 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த ஆலை நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் அளவு. ஒரு வி.எல்.சி.சி அதற்கு 40 நாள் தீனி. 2021, 2022இல் டொலர் இல்லாமல் அந்த ஆலை திரும்பத் திரும்ப மூடப்பட்டதை நினைத்தால் சீனக்குடாவில் 40 நாள் இருப்பு கிடப்பது பெரிய ஆறுதலாகத் தோன்றும். ஆனால் இங்கிருந்து கொழும்புக்குக் குழாய் இல்லை. 50,000 பீப்பாயை 33,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் நாளொன்றுக்கு 240 பவுசர்கள் 260 கிலோமீற்றர் ஓட வேண்டும், மசகு எண்ணெயை அப்படி யாரும் கொண்டுபோவதில்லை. மீண்டும் கப்பலில் ஏற்றி, தீவைச் சுற்றி, கொழும்புக்கு வெளியே உள்ள மிதவைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அந்த மிதவையில் கப்பல் கட்டுவதே பாடு. கடல் கொந்தளித்தால் கப்பல் நாட்கணக்கில் காத்திருக்கும், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். திருகோணமலையின் உட்துறைமுகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வாடையும் சோளகமும் உள்ளே எட்டாது. இந்த நன்மை உண்மையானது, ஆண்டு முழுவதும் வேலை செய்யக்கூடிய இறங்குதுறை வங்காள விரிகுடாவில் அரிது. அதை எந்தச் சரக்குக்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

டீசலை வைத்துக் கணக்குப் போடுவோம். 12,000 கிலோலீற்றர்த் தாங்கியில் டீசல் நிரப்பினால் நிறை ஏறக்குறைய 10,000 தொன். சுத்திகரித்த எரிபொருள் வணிகத்தில் வழக்கமாக ஓடும் நடுத்தரக் கப்பல் 40,000 தொன் வரை ஏற்றும், நான்கு தாங்கி. ஒரு இலட்சம் தொன் வகைப் பெரிய கப்பல் என்றால் பத்துத் தாங்கி. மாலைதீவுக்குப் போகும் சிறு கப்பலுக்கு அரைத் தாங்கி போதும். மசகு எண்ணெய்க்கு இடைஞ்சலாக இருந்த சிறுமை இங்கே நன்மையாகிறது. ஒரு தாங்கியில் டீசல், பக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல், அடுத்ததில் விமான எரிபொருள், இன்னொன்றில் 2020 ஜனவரி முதல் கட்டாயமான 0.5 வீதக் கந்தகக் கப்பல் எரிபொருள், அதற்கப்பால் கலப்பதற்கென்று இரண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தாங்கி கொடுக்கலாம், ஒருவர் சரக்கு மற்றவர் சரக்கோடு கலக்காது. 100,000 கன மீற்றர்த் தாங்கி வைத்திருக்கும் முனையத்தால் இதைச் செய்ய முடியாது.

2022 ஜனவரி ஒப்பந்தம் தாங்கிகளை மூன்றாகப் பிரித்தது. இந்தியன் ஒயிலின் இலங்கைக் கிளை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டெர்மினல் நிறுவனத்துக்கு 61. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49. இந்தப் 61இல் பத்துப் பன்னிரண்டை முதலில் எழுப்பினாலே மேற்சொன்ன தொழிலைத் தொடங்கிவிடலாம்.

எழுப்புவது என்பது வர்ணம் பூசுவதல்ல. காடு வெட்டி, சுற்றுச்சுவரையும் வடிகாலையும் துப்புரவாக்கிய பிறகு முதல் வேலை அடித்தளத்தின் மட்டம் பார்ப்பது. தாங்கியைச் சுற்றி பத்து மீற்றருக்கு ஒரு புள்ளியாக மட்டக்கருவி வைத்து, எங்கே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். தாங்கி முழுவதும் ஒரே சீராக 10 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் பாதகமில்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் சுவர் முறுகும், மிதக்கும் கூரை சிக்கும். பிறகு மீயொலிக் கருவியால் சுவரின் தடிப்பு, காந்தப்புலக் கருவியால் அடித்தகட்டின் அரிப்பு. அடித்தகடு மேலிருந்து பார்க்கும்போது நன்றாகத் தெரியும், அரிப்பு நடப்பது மண்ணைத் தொடும் கீழ்ப்பக்கத்தில். எண்பது தொண்ணூறு ஆண்டுப் பழைய உருக்கு என்பதால் ஒரு துண்டு வெட்டி வேதிப்பகுப்புக்கு அனுப்பாமல் வெல்டிங் பிடிக்கவே கூடாது. கந்தகமும் பொஸ்பரசும் கூடிய உருக்கில் புதுத்தகட்டை வெல்டிங் செய்தால், ஆறும்போது விளிம்பில் வெடிப்பு விழும். அது கண்ணுக்குத் தெரியாது, தாங்கி முதல் தடவை நிறையும்போது தெரியும். பல தாங்கிகளில் அடியை முழுதாக மாற்றி, பழைய அடிக்கும் புதிய அடிக்கும் நடுவில் கசிவைக் காட்டும் படலம் போடுவதுதான் நிதானமான வழி.

கடைசியில் நீர்ச்சோதனை. தாங்கியை நீரால் நிரப்பிக் குறைந்தது ஒரு நாள் வைத்து, மட்டத்தைத் திரும்ப அளக்க வேண்டும். நீர் டீசலைவிடக் கனம். 12,000 தொன் நீரைத் தாங்கிய அடித்தளம் 10,000 தொன் டீசலைத் தாங்கும். இத்தனை நன்னீருக்கு எங்கே போவது? ஒரு தாங்கியில் சோதித்த நீரை அடுத்ததற்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி வேலையை வரிசைப்படுத்த வேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு தங்கி அடித்தகட்டை அரிக்கத் தொடங்கும். மழைக்காலம் இங்கே ஐப்பசி முதல் தை வரை. காடு வெட்டும் வேலையையும் மண்வேலையையும் அதற்கு முன் முடித்து, மழைநீரைச் சேர்த்துச் சோதனைக்கு வைப்பது இந்த ஊருக்குப் பொருந்தும். அதே மழைதான் திறந்த மிதக்கும் கூரைக்கு எமன். கூரையின் நடுவில் உள்ள வடிகால் ஒரு பிடி இலையால் அடைபட்டால் ஒரே இரவு வாடை மழையில் கூரை சாயும், சாய்ந்தால் மூழ்கும். காட்டு நடுவே உள்ள குதத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. பெற்றோலுக்கு நிலையான கூரையின் உள்ளே இன்னொரு மிதக்கும் கூரை வைப்பதே இங்கே சரி.

நிரப்பும் முறையிலும் எரிபொருளுக்கு எரிபொருள் வித்தியாசம் உண்டு. டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய் ஓடும்போது நிலைமின் ஏற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும். நுழைவாய் எண்ணெயில் மூழ்கும்வரை நொடிக்கு ஒரு மீற்றருக்கு மேல் விடக் கூடாது. நிரப்பி முடிந்தவுடன் அளவுநாடாவை இறக்கவும் கூடாது, குறைந்தது அரை மணித்தியாலம் ஏற்றம் இறங்க விட வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டையும் மீறியதால் உலகெங்கும் தாங்கிகள் வெடித்திருக்கின்றன.

அளவு என்றதும் நம்பிக்கைக்கு வந்துவிடுகிறோம். 12 மீற்றர் உயரமும் 12,000 கிலோலீற்றரும் உள்ள தாங்கியில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஆயிரம் லீற்றர். நாடாவை இறக்குபவர் கை நடுங்கி மூன்று மில்லிமீற்றர் தப்பினால் 3,000 லீற்றர் கணக்கில் காணாமல் போகும். வெப்பநிலை இதைவிடப் பெரிய வில்லங்கம். எண்ணெய் 10 பாகை கூடுதலாகச் சூடேறினால் இதே தாங்கியில் கிட்டத்தட்ட 100 கிலோலீற்றர் அதிகம் காட்டும், ஒரு துளியும் கூடாமல். ஆகவே மேல், நடு, கீழ் மூன்று மட்டத்திலும் வெப்பம் அளந்து, 15 பாகைக்குத் திருத்தி, அடியில் தேங்கிய நீரை நீர்காட்டும் பசை பூசிய நாடாவால் தனியே அளந்து கழித்த பிறகே அளவு அளவாகும். கப்பலின் கணக்கும் கரையின் கணக்கும் எப்போதும் ஒத்துவராது. அரை வீதத்துக்குள் நின்றால் வணிகம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் வழக்கு.

இந்த அளவைச் சொந்தக்காரரோ வாங்குபவரோ அல்லாத மூன்றாம் தரப்பு அளந்து சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். 2020இல் சிங்கப்பூரின் எண்ணெய் வணிக நிறுவனமான ஹின் லியோங் வீழ்ந்தபோது வங்கிகளுக்கு அடகு வைத்த எண்ணெயில் ஒரு பகுதி ஏற்கனவே விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அத்தனை ஒழுங்கான ஊரிலும் அது நடந்தது. நம் நாட்டில் தீர்வை கட்டிய உள்நாட்டுச் சரக்கும், மறு ஏற்றுமதிக்கென்று தீர்வையின்றி வந்த சரக்கும் ஒரே குதத்தில் கிடக்கப் போகின்றன. இரண்டுக்கும் தனிக்குழாய், தனி மீற்றர், தனிப்பூட்டு வேண்டும். சுங்கத்தின் பூட்டு வால்வில் தொங்க வேண்டும். காகிதத்தில் மட்டும் பிரித்து வைத்தால், அடுத்த எரிபொருள் தட்டுப்பாட்டில் எந்த அரசும் வெளிநாட்டுச் சரக்கைக் கையகப்படுத்தத் தூண்டப்படும் என்று வணிகர்கள் கணக்குப் போடுவார்கள். 2022ஐப் பார்த்தவர்களிடம் அந்தப் பயம் இருப்பது நியாயம். மறு ஏற்றுமதிச் சரக்கை அவசரகாலத்திலும் தொடுவதில்லை, தொட்டால் அன்றைய சந்தை விலையை டொலரில் கொடுப்போம் என்று சட்டத்தில் எழுதாமல் எந்த வெளிநாட்டு வணிகரும் இங்கே தாங்கி வாடகைக்கு எடுக்கமாட்டார்.

கடலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. நியூ டயமண்ட் தீயில் ஒரு மாலுமி இறந்தார். மசகு எண்ணெய்த் தொட்டிகள் உடையாமல் தப்பின, கசிந்தது கப்பலின் சொந்த எரிபொருள்தான். அந்த 270,000 தொன்னும் கொட்டியிருந்தால் கிழக்குக் கரை முழுவதும் கறுத்திருக்கும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடா பெரும்பகுதி நிலம் சூழ்ந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வலையை நம்பி வாழும் வீடுகள் அதன் ஓரத்தில்தான் இருக்கின்றன. அலை குறைந்த துறைமுகம் கப்பலுக்கு நன்மை, சிந்திய எண்ணெய்க்கும் அதே அமைதி கிடைக்கும். அடித்துப்போக அலையில்லை, தங்கிவிடும். டீசல் சிந்தினால் பெரும்பகுதி சில நாட்களில் ஆவியாகிச் சிதையும். அதுவரை மீன்குஞ்சுகளுக்குக் கடும் நஞ்சு. மசகு எண்ணெய் கண்டல் வேர்களில் ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உட்துறைமுகத்துக்குள் மசகு எண்ணெயைக் கொண்டுவர வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவே முதல் காரணம், தாங்கிக் கணக்கெல்லாம் இரண்டாவது.

டீசலும் பெற்றோலும் என்றாலும் ஒவ்வொரு இறக்குமதிக்கும் முன்பு கப்பலைச் சுற்றித் தடுப்பு மிதவை போட வேண்டும். இறங்குதுறைக் குழாயில் அவசரத்துக்கு இழுத்தவுடன் இரண்டு பக்கமும் தானே மூடிக்கொள்ளும் இணைப்பு வேண்டும். தடுப்பு மிதவையை இழுக்கும் படகுகளுக்குக் கிண்ணியா, மூதூர் மீனவர் சங்கங்களில் இருந்து ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளம் கொடுக்கலாம். நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

2024 டிசம்பரில் பேசப்பட்ட இந்தியாவில் இருந்து வரும் பல்பொருள் குழாய் நிறைவேறினால் கணக்கு இன்னொரு தடவை மாறும். அது சுத்திகரித்த எரிபொருளுக்கான குழாய், மசகு எண்ணெய்க்கானதல்ல. அப்போது டீசல் கப்பலே இல்லாமல் குதத்துக்கு வரும், இறங்குதுறை முழுவதும் ஏற்றுமதிக்கு விடுபடும். குழாய் எந்தப் பக்கத்தால் குதத்துக்குள் நுழையும், எந்தத் தாங்கிகளை அதற்கு ஒதுக்குவது என்பதை இப்போதே வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். முதலில் எழுப்பும் பத்துப் பன்னிரண்டு தாங்கிகளை இறங்குதுறைக்கு அருகில் தேர்ந்தெடுப்பதா, குழாய் வரும் பக்கத்தில் தேர்ந்தெடுப்பதா என்பது அந்த வரைபடம் இல்லாமல் தீராது. தவறான பக்கத்தில் தொடங்கினால் இன்று போடும் 24 அங்குலக் குழாயைப் பத்து ஆண்டில் பிடுங்கி எடுக்க வேண்டிவரும்.